மஞ்சள் மூடி

மார்ச் ஒன்பது, திங்கட்கிழமை. வேன்கள் இருபத்திரண்டு, ஓட்டுநர்கள் இருபத்து மூவர், எண்ணெய் அறைக்குப் பொறுப்பாளர் ஒருவர். அந்த ஒருவர் காலை ஆறரைக்கு மஞ்சள் மூடி போட்ட புட்டி ஒன்றைத் திருகித் திறந்தார். வழக்கம்போல் மூக்கருகே கொண்டுபோய், கண்களைப் பாதி மூடி, நிதானமாக ஒரு மூச்சு இழுத்து, சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, குழல் வைத்த குப்பியில் ஊற்றினார். பத்தொன்பது ஆண்டுகளாக அவர் கையில் திறந்த ஒவ்வொரு புட்டிக்கும் இந்த மரியாதை நடந்துவந்தது. கடந்த ஐந்து மாதங்களாக அந்த மூக்குக்கு எந்த மணமும் தெரியாது என்பதை அன்று அந்த ஷெட்டில் இருவர் மட்டுமே அறிந்திருந்தனர்: அவரும், பதினோராம் எண் வேனை ஓட்டும் அவருடைய கணவரும்.

ஷெட்டில் அவரைச் சொட்டு அக்கா என்றுதான் அழைப்பார்கள். அவரைவிட வயதில் மூத்த ஓட்டுநர்களுக்கும் அவர் அக்காதான். இன்ஜின் ஆயில் மாற்றிய பின் காலிப் புட்டிகளை அவர் உடனே எறிவதில்லை. சுவரில் அடித்த மரச்சட்டத்தில் தலைகீழாகச் செருகி, அடியில் தட்டு வைத்து, உள்ளே ஒட்டியிருப்பதெல்லாம் இறங்கும்வரை விட்டுவைப்பார். கடைசியில் புட்டியின் முதுகில் இரண்டு தட்டு. "உள்ள இன்னும் ஒரு சொட்டு ஒளிஞ்சிருக்கும். அதுக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்பார். அப்படிச் சேர்ந்ததைக் கதவுக் கீல்களுக்கு விடுவார். அந்த இருபத்திரண்டு வேன்களில் எதன் கதவும் கிறீச்சிட்டு நான் கேட்டதில்லை. பிரேக் ஆயிலுக்கு மட்டும் இந்தச் சிக்கனம் கிடையாது. திறந்து கிடந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த பிரேக் ஆயில் சூடேறினால் கொதித்துவிடும். ஆகவே திங்கட்கிழமைதோறும் புதுப் புட்டி. மிஞ்சியது கழிவு டிரம்முக்கு.

சிறு பணிமனைகளில் பராமரிப்புப் பதிவுகள் எப்படி வைக்கப்படுகின்றன என்பது என் முதுகலை ஆய்வின் பொருள். பதிவேட்டைப் பார்க்கத்தான் அந்த ஷெட்டுக்குப் போனேன். வேன்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவை. இடைப்பட்ட நேரத்தில் சில வேன்கள் தொழிற்சாலை ஆட்களை ஏற்றும். எண்ணெய் அறை முன்பு ஜெனரேட்டர் இருந்த இடம். மூன்று டிரம்கள் மரக்கட்டைகள் மேல் படுத்திருக்கும். அளவுக் குவளைகளின் காதில் நூல் கட்டியிருக்கும்: இன்ஜின் ஆயிலுக்குக் கறுப்பு, கியர் ஆயிலுக்குப் பச்சை, ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டுக்கு நீலம். கறுப்பு நூல் குவளையைப் பச்சையின் பக்கம் கொண்டுபோன ஒரு மெக்கானிக்கிடம் அவர் இரண்டு நாள் பேசவில்லையாம். கம்பி போட்ட ஜன்னல்தான் கவுன்டர். அதைத் தாண்டி அறைக்குள் கால் வைக்க முதலாளியே யோசிப்பார்.

எண்ணெய்களை அவர் இரண்டு வகையாகப் பிரித்திருந்தார். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரீஸ் எல்லாம் சாப்பாடு. டீசலில் கலக்கும் துப்புரவுத் திரவம், ரேடியேட்டரில் துருவைத் தடுக்கும் கரைசல் போன்றவை மருந்து. "சாப்பாடு நேரா நேரத்துக்குப் போடணும். மருந்து சீக்கு வந்தா மட்டும்." சிந்தெடிக் ஆயிலுக்கு ஏன் அவ்வளவு விலை என்று முணுமுணுக்கும் ஓட்டுநர்களுக்கு ஒரே பதில் வைத்திருந்தார்: "மத்தது ஆத்துல மொண்ட தண்ணி. இது காய்ச்சி வடிகட்டினது. உங்க வண்டி பள்ளிக்கூட வாசல்ல அரை மணி நேரம் நின்ன இடத்துலயே உறுமிக்கிட்டு நிக்குதே, அதுக்கு எது தாங்கும்னு நீங்களே சொல்லுங்க." அவர்கள் சொல்லமாட்டார்கள். சொன்னால் பேச்சு இன்னும் நீளும் என்று தெரியும்.

ஒருநாள் கழுத்துப் பட்டை கட்டிய விற்பனை இளைஞர் ஒருவர் சிறு சிறு புட்டிகள் நிறைந்த பெட்டியோடு வந்தார். இன்ஜினில் ஒரே ஒரு புட்டி விட்டால் போதும், வண்டி பறக்கும் என்றார். அக்கா புட்டியை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். "நல்லா இருக்கு தம்பி. ஆனா எங்க வண்டி பறக்க வேணாம். பள்ளிக்கூட வாசல் வந்தா நின்னா போதும்." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த வாக்கியம் சில நாள் கழித்து எவருக்கும் சிரிப்பாக இருக்கவில்லை.

அவருக்குக் கணவர் அங்கேயே வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரிய ஒரு வாரம் பிடித்தது. பதினோராம் எண் ஓட்டுநர் கவுன்டருக்கு வந்தால் "ஸ்டோர் அம்மா, நம்ம வண்டிக்குக் கொஞ்சம் கவனிச்சு ஊத்துங்க" என்பார். "வரிசையில வாங்க டிரைவர்" என்று பதில் வரும். இருவர் முகத்திலும் ஒன்றும் தெரியாது. ஒரு மதியம் அதே ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பாத்திரம் வெளியே வந்ததையும், "வெங்காயத்த ஒதுக்கி வைக்காம தின்னுங்க" என்று பின்னாலேயே ஒரு குரல் வந்ததையும் கவனித்தபின்தான் விளங்கிற்று. வீட்டில் நீ, ஷெட்டில் நீங்கள் என்பது அவர்களிடையே ஏற்பாடு. கணவருக்கு அக்கா இட்ட இன்னொரு கட்டளையும் உண்டு: ஸ்டீயரிங்கில் கை இருந்தால் யார் கூப்பிட்டாலும் போனைத் தொடக் கூடாது. "நானே கூப்பிட்டாலும்" என்று சேர்த்துச் சொல்லியிருந்தார்.

அந்த மூக்கின் புகழ் பெரியது. அளவுக் கம்பியை உருவி முகர்ந்தே இன்ஜின் ஆயிலில் டீசல் இறங்கியிருக்கிறது என்று சொல்வார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். பிரேக் ஆயில் இனிப்பும் காரமும் கலந்து மூக்கின் உச்சியில் ஏறும், ஸ்டீயரிங் ஆயில் மெழுகுவர்த்தி அணைந்த வாடை வரும், கருகிய கியர் ஆயில் முடி பொசுங்கினாற்போல் இருக்கும் என்றெல்லாம் அவர் சொல்லக் கேட்டு மெக்கானிக்குகள் கற்றிருந்தனர். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் எழுந்து நடமாடத் தொடங்கினார். அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, அடிப்பிடித்துக் கரிந்து, வாசலில் நின்ற கணவர் ஓடி வந்தபோது அவர் அடுப்புக்கு முதுகு காட்டியபடி காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

முதலாளியிடம் சொல்லிவிடும்படி கணவர் வற்புறுத்தினார். அவர் மறுத்தார். இதை இருவருமே பின்னர் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டு கூற்றுகளும் ஒத்துப்போயின. "சொன்னா என்ன ஆகும்? சாவிய வாங்கிட்டு வண்டி கழுவற பக்கம் அனுப்புவாங்க. நான் எண்ணெய்க்காரி. சோப்புத் தண்ணிக்காரி இல்ல." மணம் திரும்பிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது திரும்பும்வரை திறந்த புட்டியை மூக்கருகே கொண்டுபோவதை அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் யாராவது கவனிப்பார்கள்.

தவறு நடந்த விதம் எளிது. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே நேரக்கூடியது. பெட்டி வந்து இறங்கும்போது அவர் மேலட்டையைப் படிப்பார். தனித்தனிப் புட்டிகளின் லேபிளைப் படிப்பது, அவர் கருத்தில், புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்வது. மஞ்சள் மூடி என்றால் பிரேக் ஆயில், சிவப்பு மூடி என்றால் ஸ்டீயரிங் ஆயில். சந்தேகம் வந்தால் மூக்கு. அந்த மாதம் வழக்கமான ஸ்டீயரிங் ஆயில் கிடைக்காததால் சப்ளையர் வேறொரு நிறுவனத்தின் சரக்கை அனுப்பியிருந்தார். அதன் மூடியும் மஞ்சள். உள்ளிருந்ததும் பிரேக் ஆயிலைப் போன்றே வெளிர் மஞ்சள். சனிக்கிழமை புட்டிகளை அடுக்கியபோது ஒன்று பிரேக் ஆயில் தட்டில் ஏறிவிட்டது. திங்கட்கிழமை அவர் இரண்டு புட்டிகளைத் திறந்தார். இரண்டையும் முகர்ந்தார். இரண்டும் அவருக்கு வெறும் காற்று. குழல் குப்பியோடு வேன் வேனாகப் போய், அளவுக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்த பிரேக் ஆயில் டப்பாக்களில் ஊற்றி நிரப்பினார். எந்த வேனுக்கு எந்தப் புட்டி என்பது எவருக்கும் தெரியாது. இரண்டுக்கும் குப்பி ஒன்றே.

வியாழக்கிழமை முற்பகல் தலைமை மெக்கானிக் கவுன்டருக்கு வந்தார். உள்ளங்கையில் நான்காம் எண் வேனின் பிரேக் ஆயில் டப்பா மூடியிலிருந்து கழற்றிய ரப்பர் இருந்தது. தட்டையாக இருக்க வேண்டிய அது விளிம்பெல்லாம் நெளிந்து புடைத்திருந்தது.

"என்னக்கா இது, குளவி கொட்டின உதடாட்டம் வீங்கிக் கிடக்கு? திரும்ப உள்ளயே போக மாட்டேங்குது."

அவர் வாங்கி விரலால் அழுத்தினார். மூக்கருகே கொண்டுபோகவில்லை. அவர் கையில் ஒரு பொருள் வந்து மூக்குக்குப் போகாததை நான் பார்த்தது அதுவே முதல் முறை. கோட்டுப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். தட்டிலிருந்த மஞ்சள் மூடிப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதடு அசைய, லேபிளைப் படித்தார். எல்லாம் பிரேக் ஆயில். பிறகு காலிப் புட்டிகள் கிடந்த தொட்டியைக் கவிழ்த்து முழங்காலிட்டுத் தேடினார். திங்கட்கிழமைப் புட்டிகள் இரண்டும் அகப்பட்டன. அவற்றில் ஒன்றின் லேபிளை இரண்டு முறை படித்தார்: ஸ்டீயரிங் ஆயில்.

பிரேக்கின் உள்ளே இருக்கும் ரப்பர்கள் பிரேக் ஆயிலுக்கென்றே செய்யப்பட்டவை. வேறு எண்ணெய் பட்டால் ஊறிப் பருக்கும். பருத்த ரப்பர் முதலில் பிரேக்கை விடாமல் இறுக்கிப் பிடிக்கும், சக்கரம் சூடேறும், பிறகு ஒரு கட்டத்தில் மிதித்தால் ஒன்றுமே இருக்காது. இதை மெக்கானிக் எனக்குப் பின்னர் விளக்கினார். அப்போது அவர் விளக்கும் நிலையில் இல்லை.

"ஒரு வண்டியும் வெளிய போகக் கூடாது" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "வெளிய இருக்கறது இருக்கற இடத்துலயே நிக்கணும்."

காலை நடை முடிந்து பதினெட்டு வேன்கள் ஷெட்டில் நின்றன. அக்கா ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டார். குழந்தைகளுக்கு மருந்து புகட்டும் சொட்டுக்குழல் ஒன்று அவரிடம் இருந்தது. டப்பாவைத் திறந்து மேல்மட்டத்திலிருந்து இழுத்து, தம்ளரில் ஒரு துளி விட வேண்டும். பிரேக் ஆயிலானால் தண்ணீரில் கரைந்து மறையும். மற்றதானால் மேலே மிதந்து வட்டமாகப் பரவும். முதல் வேனில் துளி கரைந்தது. இரண்டாவதிலும் கரைந்தது. மூன்றாவதில் துளி தண்ணீரின் மேல் தட்டையாகப் படுத்து, வெயிலில் மின்னியது. அவர் கோட்டுப் பையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்து அந்த வேனின் முன்கண்ணாடியில் ஒரு வட்டம் போட்டார். தண்ணீரைக் கொட்டி, தம்ளரைத் துடைத்து, வேறு தண்ணீர் எடுத்து நான்காவதற்கு நடந்தார்.

ஓட்டுநர்கள் தத்தம் வண்டியருகே நின்றார்கள். எப்போதும் ஓயாத கேலி அன்று இல்லை. ஒருவர் மட்டும், துளி விழுவதற்குள், தேர்வு முடிவு பார்க்க வந்த மாதிரி இருக்கிறது என்று மெல்லச் சொன்னார். பதினெட்டில் வட்டம் விழுந்தவை ஏழு. இதற்கிடையே தலைமை மெக்கானிக் வெளியே இருந்த நான்கு ஓட்டுநர்களையும் போனில் கூப்பிட்டிருந்தார். மூவர் ஆங்காங்கே ஓரங்கட்டிவிட்டார்கள். மிஞ்சியது பதினொன்று; அதில் மட்டும் யாரும் எடுக்கவில்லை.

பதினோராம் எண் வேன் அன்று காலையிலேயே ஒரு பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைமேலுள்ள அணையைக் காட்டப் போயிருந்தது. மேலே ஏறியது போலவே வளைந்து வளைந்து இறங்க வேண்டிய பாதை. எண்ணெய் அறைக்குப் பக்கத்தில் நிறுத்தப்படுவதால் திங்கட்கிழமைகளில் கடைசியாக நிரப்பப்படுவது எப்போதும் அதுதான். இரண்டாவது புட்டி தீரும்போது.

அக்கா கணவரைக் கூப்பிட்டார். மணி அடித்து நின்றது. மீண்டும் கூப்பிட்டார். நின்றது. மூன்றாம் முறை அடிக்கும்போது போனைக் காதிலிருந்து எடுத்து அதையே வெறித்துப் பார்த்தார்.

"எடுக்க மாட்டாரு" என்றார். "நான்தான் சொல்லி வச்சிருக்கேன்."

தலைமை மெக்கானிக் பள்ளி அலுவலகத்தைப் பிடித்து, பிள்ளைகளோடு போன ஆசிரியையின் எண்ணை வாங்கிச் சுண்ணாம்பால் தரையில் எழுதினார். அக்கா தரையில் உட்கார்ந்தபடியே எண்களை அழுத்தி, போனைச் சத்தமாக வைத்தார்.

"டீச்சர், நான் ஷெட்டுலேர்ந்து பேசறேன். வண்டி ஓடுதா, நிக்குதா?"

ஓடுகிறது, அணையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்று ஆசிரியை சொன்னார். பின்னணியில் பிள்ளைகள் கூட்டமாகப் பாடுவது கேட்டது. கொஞ்ச நேரமாக ஏதோ கருகுகிற வாடை வருகிறது, பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், வெளியிலிருந்து வருகிறதோ என்று ஜன்னலை மூடச் சொன்னேன் என்றும் சொன்னார்.

அக்கா ஒரு கணம் கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"வாடை உங்க வண்டிலதான். நான் சொல்றத அப்படியே டிரைவர்கிட்ட சொல்லுங்க. பதற வேணாம். பிரேக்க நம்ப வேணாம்னு சொல்லுங்க. கியர ஒவ்வொண்ணா கீழ எறக்கட்டும். மலைப் பக்கமா, மண்ணு இருக்கற ஓரத்துல வண்டிய ஏத்தட்டும். ஹேண்ட் பிரேக்க வெடுக்குனு இழுக்காம, மெதுவா, பல்லு பல்லா."

ஆசிரியை திருப்பிச் சொல்வது கேட்டது. ஒரு சொல்லும் பிசகவில்லை. பிறகு போன் பக்கம் திரும்பினார்.

"யார் சொல்றாங்கன்னு கேக்கறார்."

"ஸ்டோர் அம்மான்னு சொல்லுங்க."

சொன்னார். ஓட்டுநர் என்ன சொன்னார் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. இன்ஜின் முனகியது, ஒரு படி உயர்ந்து அலறியது, மறுபடியும் ஒரு படி. பாட்டு நின்றது. ஒரு பிள்ளை ஏதோ கேட்டது. ஆசிரியை "உக்காருங்க, எல்லாரும் கம்பியப் பிடிச்சுக்குங்க" என்றார். ஷெட்டில் யாரும் நகரவில்லை. அக்காவின் இடக்கை தரையில் எழுதியிருந்த எண்ணின் மேல் இருந்தது. அவர் அறியாமலே அது அங்குமிங்கும் போய், சுண்ணாம்பு அழிந்துகொண்டிருந்தது. பிறகு சரளைக் கற்கள் நொறுங்கும் ஓசை, எதுவோ உரசும் ஓசை, ஓர் உலுக்கல், ஒரு குழந்தையின் அழுகை. இன்ஜின் அணைந்தது.

போன் கை மாறியது.

"நின்னுடுச்சு" என்றார் கணவர். மூச்சு வாங்கியது. "யாருக்கும் ஒண்ணுமில்ல. எறங்க ஆரம்பிச்சதுலேர்ந்தே பெடல் கல்லாட்டம் இருந்துச்சு. கடைசி வளைவுல பஞ்சாட்டம் ஆயிடுச்சு." பிறகு, பிள்ளைகளை விட்டு விலகி வந்திருக்க வேண்டும், குரல் தாழ்ந்தது. "எந்தப் புட்டி?"

அக்கா அதைக் கணவருக்குச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

"சரி விடு. சக்கரத்துக்குக் கல்லு வச்சுட்டு வரேன்." ஷெட்டில் இத்தனை பேர் கேட்க அவர் மனைவியை ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

மாலைப் பிள்ளைகளுக்கு முதலாளி வேறோர் இடத்திலிருந்து வேன்களை வரவழைத்தார். வெளியே நின்ற வேன்கள் இழுவை வண்டியில் வந்து சேர்ந்தன. அவற்றிலும் துளி விட்டுப் பார்த்ததில் மேலும் இரண்டுக்கு வட்டம் விழுந்தது. அவற்றில் ஒன்று பதினொன்று. அதன் துளி மிதப்பதை அக்கா மற்றவற்றைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த விசாரணை எண்ணெய் அறை ஜன்னலுக்கு முன்னால், நின்றபடியே நடந்தது. முதலாளி அக்காவைவிடப் பத்து வயது இளையவர், அதட்டிப் பழகாதவர். எப்படி நடந்தது என்று மட்டும் கேட்டார். தலைமை மெக்கானிக் இரண்டு காலிப் புட்டிகளையும் அடுத்தடுத்து வைத்தார். ஒரே உயரம், ஒரே மஞ்சள் மூடி.

"சப்ளையர் சொல்லாம கொள்ளாம மாத்தி அனுப்பியிருக்கான் முதலாளி. இதப் பாத்தா யாரும்தான் ஏமாறுவாங்க. அவன் தலையிலயே போட்டுடலாம்."

"ஆமா" என்றார் பதினோராம் எண் ஓட்டுநர். ஐந்து மாதமாக உண்மையைச் சொல்லிவிடு என்று மனைவியிடம் சொல்லி வந்தவர் அவர். "சப்ளையர் தப்புதான்."

முதலாளி தலையசைத்தார். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. பெரும்பகுதி உண்மையாகவும் இருந்தது. ஓட்டுநர்கள் கலையத் தொடங்கினர். மெக்கானிக் புட்டிகளை எடுக்கக் கை நீட்டினார். ஜன்னலின் உள்ளிருந்து ஒரு கை வந்து அவற்றைப் பிடித்துக்கொண்டது.

"மூடி மாறினது அவன் தப்பு" என்றார் அக்கா. "மோந்து பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். மோந்துதான் பாத்தேன். எனக்கு மணம் தெரியாது. அஞ்சு மாசமாத் தெரியாது."

யாரோ தெரியாமல் சிரித்துவிட்டார். நகைச்சுவை என்று நினைத்திருப்பார். கணவர் தரையைப் பார்த்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அந்த ஏஜென்ட் பையன் வந்தபோதுகூட மோந்து பார்த்தீர்களே அக்கா என்றார் மெக்கானிக், குற்றம் சாட்டுவதுபோல் அல்லாமல் வருத்தத்தோடு.

"நீங்கல்லாம் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அதுக்காக."

அக்கா சாவிக் கொத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தார். முதலாளி அதை எடுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வெள்ளி, சனி இரண்டு நாளும் ஒன்பது வேன்களின் பிரேக்குகளும் பிரிக்கப்பட்டு, குழாய்கள் கழுவப்பட்டு, ரப்பர்கள் அத்தனையும் மாற்றப்பட்டன. அக்கா அறையைத் திறக்கவில்லை. மெக்கானிக்குகளின் அருகில் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, கழற்றிப் போட்ட ரப்பர்களை ஒவ்வொன்றாக எடுத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் இரண்டு முறை வந்து அழைத்தார். இரண்டு முறையும் "போங்க டிரைவர், வரேன்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை காலை நான் போனபோது சாவிக் கொத்து ஜன்னல் விளிம்பில் வைத்த இடத்திலேயே இருந்தது. முதலாளி இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர் அலுவலகக் கதவருகே கை கட்டி நின்றிருந்தார். மெக்கானிக்குகள் வந்திருக்கவில்லை. ஓட்டுநர்கள் இருபத்து மூவரும் வரிசையில் நின்றார்கள். வழக்கத்தைவிட அமைதியான வரிசை.

அக்கா நீலக் கோட்டோடு வந்தார். சாவியை எடுத்து அறையைத் திறந்தார். தட்டிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லேபிளில் இருந்ததை வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி எழுத்துக்கூட்டிப் படித்தார். மூடியைத் திருகினார். அவர் கை பழக்கத்தில் முகத்தை நோக்கி எழுந்து, பாதியில் நின்றது. பிறகு நேராகக் கம்பிகளுக்கு இடையே வெளியே போயிற்று, முதலாவதாக நின்ற ஓட்டுநரின் முகத்துக்கு.

"மோந்து பாரு தம்பி. என்னன்னு சொல்லு."

அவர் தயங்கி முகர்ந்தார். இனிப்பா இருக்கு, மூக்குல ஏறுது என்றார். அக்கா உடனே மூடியைப் போட்டார். அடுத்தவர் வந்ததும் திறந்தார். அடுத்தவர் தன் மாமனார் வீட்டுக் கதவுக்குப் பெயின்ட் அடித்த அன்று இப்படித்தான் நாறியது என்றார். யாரோ சிரித்தார்கள். மூன்றாமவர், மாமனாரே இப்படித்தான் நாறுவார் என்றார். அக்கா ஒவ்வொருவருக்கும் இடையே புட்டியை மூடினார், ஒவ்வொருவருக்கும் திறந்தார். பதினோராம் எண் ஓட்டுநரின் முறை வந்தபோது அவர் நெடுநேரம் முகர்ந்தார். "பிரேக் ஆயில்தாங்க, ஸ்டோர் அம்மா" என்றார்.

கடைசி ஓட்டுநர் நகர்ந்தபின் ஜன்னலுக்கு முன்னால் யாரும் இல்லை. அக்கா புட்டியை உள்ளே எடுக்கவில்லை. மூடியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையைக் கம்பிக்கு வெளியே, அலுவலகக் கதவு இருந்த திசையில் நீட்டியபடியே நின்றார்.

அன்று காலை அந்தப் புட்டியை முகர்ந்தவர்கள் இருபத்து நால்வர்.